சூரியன் இலவசம் என்றால், தீவு நாடுகள் ஏன் இன்னும் டீசல் வாங்குகின்றன?

ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் சிறிய தீவு நாடுகள் ஏன் ஒரேயடியாகச் சூரிய சக்திக்கு மாறிவிடவில்லை, இதற்குப் பின்னால் எண்ணெய் வணிகர்களின் சூழ்ச்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆய்வாளன் அல்லன். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளனாக, வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஆயினும், மின்சாரத்தைப் பொறுத்தவரை எங்கள் தோட்டமும் ஒரு காலத்தில் தனித்தீவாகவே இருந்தது என்பதால், இதற்குப் பதில் எழுதும் தகுதி ஓரளவு எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது நாட்டின் மின்கம்பி எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கவில்லை. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டையின் ஓட்டையும் ஆலைக் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுழற்றி எடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதியை லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, விட்டார்கள். மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரையிலும், விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலையாட்களைக் கூட்டிப் பெயர் அழைப்பதற்கு) முன் சிறிது நேரமும்தான் விளக்கு எரியும். ஆலையில் பெரிய மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கினால் அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) தொங்கும் விளக்கு மங்கி, பிறகு தெளியும். அந்த மங்கலுக்குக் காரணம் என்ன என்பது, பின்னாளில் நானே அந்தச் சுவிட்சுப் பலகையின் முன் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

மின்சாரத்தை எந்த நொடியில் எவ்வளவு கேட்கிறார்களோ, அந்த நொடியில் அவ்வளவையே கொடுத்தாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுற்று) என்ற அலைவெண் நகர்ந்துவிடும். எல்லை மீறி நகர்ந்தால் எந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கழன்றுகொள்ளும். மலேசியத் தீபகற்பம் போன்ற பெரிய கட்டமைப்பில், சுழன்றுகொண்டிருக்கும் பெரிய டர்பைன்களின் எடையே அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று டீசல் எந்திரங்களை மட்டும் நம்பியிருக்கும் தீவில் அந்த வசதி இல்லை. மேகம் ஒன்று கடந்து போனால் சூரியத் தகடுகளின் உற்பத்தி ஒரே நிமிடத்தில் பாதியாகக்கூடும் என்பதால், டீசல் எந்திரத்தைப் பகலிலும் அணைக்க முடியாது. அதை மிகக் குறைந்த சுமையிலும் ஓட்ட முடியாது; தன் திறனில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓடினால், எரிபொருள் முழுமையாக எரியாமல் உள்ளே கரி படிந்து எந்திரம் கெடும். ஆகவே வெயில் நன்றாக இருக்கும் நண்பகலில், டீசலை மிச்சப்படுத்த வைத்த தகடுகளையே டீசல் எந்திரத்தின் நலனுக்காகக் கட்டுப்படுத்தி வைக்கும் வேடிக்கை நடக்கிறது. மொத்த மின்சாரத்தில் முதல் இருபது, முப்பது விழுக்காடு வரை சூரிய சக்திக்கு மாறுவது எளிது. அதற்கு மேல் போக வேண்டுமானால், அலைவெண்ணைத் தானே பிடித்து நிறுத்தும் இன்வெர்ட்டர்களும் பேட்டரிகளும் வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான். டீசலுக்கு மாதாமாதம் பணம் கட்டினால் போதும். இவற்றுக்கோ இருபது ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை முன்கூட்டியே போட வேண்டும். ஏற்கெனவே கடனில் இருக்கும் சிறிய அரசுக்கு அது சாதாரணமான காரியமன்று.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். பசிபிக்கில் உள்ள, நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதியான தோக்கலாவ் தனி நாடு இல்லை என்றாலும், அதன் மூன்று பவளத் தீவுகளில் 2012இல் 4,032 தகடுகளும் 1,344 பேட்டரிகளும் பொருத்தப்பட்டு, அதுவரை முழுக்க டீசலில் ஓடிய மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் சூரிய சக்திக்கு மாறியது. அங்கே வாழ்பவர்கள் சுமார் 1,500 பேர்தான். மின்சாரம் தாராளமாகக் கிடைத்ததும் பயன்பாடும் வளர்ந்தது; டீசல் எந்திரத்தின் துணை மறுபடியும் தேவைப்பட்டது. எங்கள் லயத்துக்கு இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரம் வந்த ஆண்டில், எத்தனை வீடுகளில் ஐஸ்பெட்டி வந்து இறங்கியது என்பதைப் பார்த்தவன் ஆகையால், இது எனக்கு வியப்பாக இல்லை.

என் மனத்துக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு மொரீசியஸ். எங்களைப் போலவே தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழ் வம்சாவளியினர் வாழும் அந்நாட்டில், எங்கள் ஆலை நாரை எரித்ததைப் போலவே சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கின்றன. 1957இலேயே செயின்ட் அந்துவான் ஆலை பொதுக் கட்டமைப்புக்கு மின்சாரம் விற்கத் தொடங்கிவிட்டது. 2000இல் இயங்கத் தொடங்கிய பெல் வூ நிலையம் உயர் அழுத்தக் கொதிகலன்களைக் கொண்டு, அதே சக்கையிலிருந்து முன்னைவிடப் பன்மடங்கு மின்சாரம் எடுத்தது. சக்கை மின்சாரத்தின் சிறப்பு, அது டர்பைனைச் சுழற்றுவது என்பதால் மேகத்துக்கும் இரவுக்கும் அஞ்சாதது. ஆனால் கரும்பு வெட்டு ஆண்டின் பிற்பாதியில்தான் நடக்கிறது. வெட்டு முடிந்ததும் அதே கொதிகலன்களில் இறக்குமதி நிலக்கரியைப் போட்டார்கள். சர்க்கரைக்குக் கொடுத்துவந்த உத்தரவாத விலையை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்த பிறகு, கரும்புப் பரப்பு சுருங்கியது. அதனுடன் சக்கையும் சுருங்கியது. சர்க்கரையின் விலை குறைந்தால் வீட்டு விளக்குக்கான எரிபொருளும் குறையும் என்பது வெளியாருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்ததையும் கண்ட தோட்டத்துக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நிலமும் வானிலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மாலத்தீவின் மொத்த நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர். அதுவும் நூற்றுக்கணக்கான தீவுகளாகச் சிதறிக் கிடப்பதால், மக்கள் வாழும் தீவுகளுக்குத் தனித்தனி மின்நிலையம் வேண்டியிருக்கிறது. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் புயல் எச்சரிக்கை வந்தால் தரையில் சாய்த்துக் கிடத்திவிடக்கூடிய காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள். உப்புக்காற்று எல்லா இடத்திலும் இணைப்புகளை அரிக்கிறது. தகடு வாங்கப் பணம் கொடுக்கும் நாடுகள், பிறகு அதைத் துடைத்துத் திருகாணி மாற்றும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை என்பது என் குறை.

எனவே, சூழ்ச்சியைவிட இரவுதான் பெரிய தடை என்பதே என் பதில். அந்த இரவைச் சற்றுச் சிறிதாக்கும் வழி ஒன்றும் இருக்கிறது: பேட்டரி வாங்கும் முன், பகலுக்குத் தள்ளக்கூடிய வேலைகளைப் பகலுக்குத் தள்ளுவது. மாலத்தீவின் தலைநகர் மாலே கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. அந்த எந்திரங்களை நண்பகலில் ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டால், மாலையில் அந்த அளவுக்கு மின்சாரம் தேவைப்படாது. மீனுக்கான பனிக்கட்டியும் அப்படியே. என் தாயார், ஆலை மின்சாரம் கிடைக்கும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் துணி தேய்ப்பதை முடித்துவிடுவார். பக்கத்து வீட்டில் அதே நேரத்தில் இஸ்திரிப்பெட்டி போட்டால் இரண்டு வீட்டு ஃபியூசும் போய்விடும் என்பதால், யாருக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.