தட்டை நிலத்தில் சைக்கிள்: ஐன்ட்ஹோவனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் முதல் குளிர்காலத்தைக் கழித்துவிட்டீர்கள். உடன் வேலை செய்பவர்கள் சனிக்கிழமைதோறும் கிராவல் சைக்கிளில், அதாவது மண்பாதையிலும் ஓடும் அகல டயர் சைக்கிளில், காட்டுக்குப் போகிறார்கள், உங்களையும் அழைக்கிறார்கள். மலையும் அருவியும் இல்லாத இந்தத் தட்டை நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது, அதற்காக ஆயிரம் யூரோவுக்கு மேல் கொடுத்துத் தனியாக ஒரு சைக்கிள் வாங்க வேண்டுமா, பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போனதோடு சரி, என்னால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசியம் போங்கள். சைக்கிளை மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சமதளம் என்றால் சுலபம் என்று எண்ணிவிட வேண்டாம். மலையில் ஏறுகிறவன் இறங்கும்போது காலுக்கு ஓய்வு கொடுத்துக்கொள்வான். இங்கே இறக்கமே கிடையாது, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மரங்களுக்கு நடுவே இருக்கும்வரை காற்று தெரியாது. காடு முடிந்து புதர்வெளி திறக்கும் இடத்தில் தென்மேற்குக் காற்று நெஞ்சில் வந்து மோதும். அதனால் புறப்படும்போதே எதிர்க்காற்றில் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உண்மையான பரீட்சை மணல்தான். ஐன்ட்ஹோவன் இருக்கும் பிராபன்ட் மாகாணத்தின் இந்தப் பகுதி, கடைசிப் பனியுகத்தில் காற்று அடித்துக்கொண்டு வந்து பரப்பிய மணல்மீது கிடக்கிறது. பைன் ஊசிகள் படிந்து இறுகிய பாதையில் சக்கரம் சத்தமே இல்லாமல் ஓடும். ஒரு வளைவு திரும்பியதும் தரையின் நிறம் வெளுக்கும். அந்த வெளுப்பைத் தூரத்திலேயே கண்டுகொள்ளக் கண்ணைப் பழக்குங்கள். கருத்த தரை தாங்கும், வெளுத்த மணல் சக்கரத்தை விழுங்கும். மணல் தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள், உள்ளே போன பிறகு நேரம் இருக்காது. உடல் எடையைப் பின்னுக்குக் கொண்டுபோய், கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, முன்சக்கரத்தைப் பார்க்காமல் பாதையின் மறுகோடியைப் பாருங்கள். முன்சக்கரம் இப்படியும் அப்படியும் நெளியும், நெளியட்டும். பயந்து இறுக்கிப் பிடித்தாலோ, பிரேக்கைத் தொட்டாலோ விழுவது நிச்சயம். கால் மட்டும் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், இங்கே எல்லோரும் அப்படிச் செய்கிறவர்கள்தான். மழை பெய்த மறுநாள் மணல் கெட்டியாக இருக்கும். வறண்ட ஜூலையில் அதே பாதை ஆளைக் கொன்றுவிடும். ஓரத்துப் புல்லின் மேல் ஏறி ஓட்டத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். பாதை அகலமாகி, செடி செத்துப்போவது அதனால்தான்.

பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். ஹேஸே ரயில் நிலையத்தில் இறங்கி ஸ்ட்ராப்ரெக்ட்ஸே ஹெய்டெவுக்குள் போங்கள். சுமார் 1,500 ஹெக்டேர் புதர்வெளி. ஆகஸ்ட் பிற்பகுதியில் முழங்கால் உயரச் செடிகள் எல்லாம் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். அதன் நடுவே பேவன் என்ற நீர்நிலை இருக்கிறது, இந்த நாட்டின் புதர்வெளிக் குளங்களில் அதுதான் பெரியது. பூக்காலத்தைத் தவறவிட்டாலும் வருந்த வேண்டாம். அக்டோபர், நவம்பரில் தெற்கே வலசை போகும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் இந்த வெளியில் இறங்குவதுண்டு. எனக்குப் பூவைவிட அதுதான் பெரிது.

இந்த வெளி இயற்கை தந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். மனிதன் உழைத்து உண்டாக்கியது இது. மணல் நிலத்தில் சத்து கிடையாது. ஆகவே குடியானவர்கள் பகலில் ஆடுகளைப் புதர்வெளியில் மேய்த்து, இரவில் கொட்டகையில் அடைத்தார்கள். புதர்வெளியிலிருந்து செடியும் வேருமாகச் செதுக்கி எடுத்த மண்பத்தைகளைக் கொட்டகையில் பரப்பி, சாணமும் புழுக்கையும் ஊறிய பின் அள்ளிக்கொண்டு போய் வயலில் போட்டார்கள். நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுகிற அதே கணக்குதான். அங்கே ஆடு வயலுக்குப் போகும், இங்கே எரு போனது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படி மேய்த்தும் செதுக்கியும் வந்ததால்தான் மரம் வளராமல் வெளி வெளியாகவே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கை உரம் வந்தது, ஆட்டின் தேவை போயிற்று. புதர்வெளியின் பல பகுதிகளைப் பைன் மரங்களால் நிரப்பினார்கள். நீங்கள் ஓட்டப்போகும் லேண்டர்போஸ் காட்டில் மரங்கள் அணிவகுத்தாற்போல் நிற்பது அதனால்தான். அதில் பெரும்பகுதி 1930-களில் வேலையில்லாதவர்களைக் கொண்டு நட்டது. அந்தக் காலத்தில் நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாண நிலக்கரிச் சுரங்கங்களில் கூரையைத் தாங்கும் கட்டையாகப் பைன் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சிய வெளியைக் காப்பாற்ற இன்று மறுபடியும் ஆட்டு மந்தையை விட்டிருக்கிறார்கள். மந்தை எதிரே வந்தால் இறங்கி நில்லுங்கள், மேய்ப்பரும் நாயும் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போகட்டும்.

வழி தவறுமோ என்ற பயம் வேண்டாம். சைக்கிள் பாதைச் சந்திப்புகளில் பார்க்கும் எண் பலகைகள், 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கியவை. அந்த ஏற்பாட்டை உருவாக்கிய ஹுகோ போலன் ஒரு சுரங்கப் பொறியாளர். போகவேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும். அவை பெரும்பாலும் தார்ச்சாலையிலும் கெட்டிப்பாதையிலும்தான் கொண்டுபோகும். மண்பாதைக்கு ஜிபிஎஸ் வழித்தடம் தேவைப்படும். லேண்டர்போஸைத் தாண்டித் தெற்கே போனால் பெல்ஜிய எல்லைமேல் ஆகெல்ஸே க்ளாய்ஸ் மடாலயம் வரும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் 1915-இல் இந்த எல்லை நெடுக மின்வேலி போட்டார்கள். தப்பி வர முயன்ற பலர் அதில் கருகி இறந்தார்கள். இன்று அதே எல்லையை யாரும் கேட்காமல் சைக்கிளில் கடக்கிறோம். நான் அங்கே போகும்போதெல்லாம் சிறிது நேரம் இறங்கி நிற்பேன்.

கவனிக்க வேண்டியவை சில. புல்லில் உண்ணி இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது கூடாது. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் கவனியுங்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால், அல்லது காய்ச்சல் வந்தால், தாமதிக்காமல் குடும்ப மருத்துவரிடம் போங்கள். அது லைம் நோயாக இருக்கலாம். மே முதல் ஜூலை வரை ஓக் மரங்களில் கூட்டமாகக் கம்பளிப்புழு அடையும், அவற்றின் சுணை காற்றிலேயே பறந்து அரிப்பைத் தரும். அந்த மரத்தடியில் உட்காராதீர்கள். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் இந்தக் காடுகளில் அனுமதி. குதிரைப் பாதை குதிரைக்கு மட்டும். சிகரெட், அடுப்பு கூடவே கூடாது. 2010 ஜூலையில் ஸ்ட்ராப்ரெக்ட்ஸே ஹெய்டெவில் சுமார் 200 ஹெக்டேர் எரிந்துபோனது.

இனி சைக்கிள். முதலில் வாடகைக்கு எடுங்கள், அல்லது நண்பர் ஒருவரிடம் இரவல் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் ஓட்டினால் எந்த அளவு சைக்கிள் சட்டம் (ஃபிரேம்) உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். நமது உயரத்துக்கு இங்கே கடையில் முன்னால் நிற்பவை பெரும்பாலும் பெரியவையாகவே இருக்கும். வாங்குகிற காலத்தில் விலையுயர்ந்த சட்டத்தை விட அகலமான டயருக்குப் பணம் கொடுங்கள். இந்த மணலுக்கு 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தது வேண்டாம், 45 இன்னும் நல்லது. டயரைக் கல்போல் அடிக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் சைக்கிள் குத்தகைத் திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் சைக்கிளின் விலையில் ஆண்டுக்கு 7 சதவீதத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்து வரி கணக்கிடுவார்கள், மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை.

சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லும்போதே எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்று கேட்டுவிடுங்கள். “மெதுவாகத்தான் போவோம்” என்பது அவர்கள் கணக்கில் மணிக்கு 22 கிலோமீட்டராக இருக்கும். நீங்கள் புதியவர், 30 கிலோமீட்டர்தான் முடியும் என்று நேராகச் சொன்னால் தப்பாக நினைக்க மாட்டார்கள். வழியைச் சுருக்கிக் கொள்வார்கள், அல்லது நீங்கள் பிரிந்து திரும்ப வேண்டிய இடத்தைச் சொல்வார்கள். ஒன்பது மணி என்றால் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நில்லுங்கள். மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.