ஓ முரஹூவும் நீ வுரஹூவும் ஒரே குடும்பமா?

தம்பி, மகள் படிக்கும் டப்ளின் பள்ளியில் ஆசிரியை தன் பெயரை 'நீ வுரஹூ' என்கிறார், அவருடைய அண்ணனோ 'ஓ முரஹூ' என்கிறார், கூடப் பிறந்தவர்களுக்கு எப்படி இரண்டு குடும்பப் பெயர் என்று கேட்டிருந்தீர்கள். பெயர் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதினால் இருவருமே மர்ஃபி.

ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். 'மாக்' என்றால் மகன். பெண்ணுக்கு 'ஓ' போய் 'நீ' வரும், 'மாக்' போய் 'நிக்' வரும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை ஏற்றுக்கொண்டால் 'ஈ வுரஹூ'. இந்த 'நீ'க்குப் பின்னால் வரும் மெய் மெலியும். நம் புணர்ச்சியில் 'மரம்', 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆகிறதே, அதுபோல இங்கே மகரம் வகரமாகிறது. எழுதும்போது எம்முக்கு அடுத்து ஓர் எச் நுழையும். அதனால்தான் கண்ணுக்கு வேறு பெயராகத் தெரிகிறது. 'நீ'யை விட்டுவிட்டு 'வுரஹூ' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தனியாக நிற்காது.

முர்ஹத் என்ற பழைய ஆண் பெயரிலிருந்து வந்தது இது: கடல், போர் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து, கடல் வீரன். அயர்லாந்தில் இதைவிடப் பரவலான குடும்பப் பெயர் கிடையாது.

தொடக்கத்தில் 'மாக்' நம் இனிஷியல் போலத்தான் இருந்தது, தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறும். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அது மாறாத குடும்பப் பெயராக உறைந்தது. 1014இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த அரசர் பிரையன் போருவின் வழியினர்தான் ஓ'பிரையன்கள். பின்னாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் 'ஓ'வையும் 'மாக்'கையும் உதிர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொழி மறுமலர்ச்சி வந்தபோது சிலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். ரைலி, ஓ'ரைலி இரண்டும் இன்று புழங்குவது இதனால்தான்.

எல்லாமே ஐரிஷ் வேர் என்று எண்ண வேண்டாம். ஃபிட்ஸ்ஜெரால்டில் உள்ள 'ஃபிட்ஸ்' நார்மன்காரர்கள் கொண்டுவந்தது, அதற்கும் மகன் என்றே பொருள். வால்ஷ் என்றால் வேல்ஸ்காரர்.

ஓ'பிரையனில் உள்ள மேற்கோள் குறி ஐரிஷில் கிடையாது. அங்கே ஓவின் தலைமேல் ஒரு சாய்கோடு உண்டு, நெடில் என்று காட்டுவதற்கு. ஆங்கில வழக்கில் அந்த இடத்தைக் குறி பிடித்துக்கொண்டது. சில கணினிப் படிவங்கள் அந்தக் குறியை ஏற்காது. ஆகவே ஒருவரைத் தேடும்போது குறியோடும், இடைவெளி விட்டும், சேர்த்தும், 'ஓ' இல்லாமலும் போட்டுப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தேடினாலும் இதே வழிதான். ஐரிஷில் பதிந்த பெண்களை 'நீ', 'நிக்' போட்டுத் தனியே தேட வேண்டும்.