மூன்று கிட்டாரைக் கொடுத்து ஒன்றை வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் மூன்று கிட்டார்கள் இருக்கின்றன. ஸ்ப்ரூஸ் மர மேல்பலகை போட்ட அகூஸ்டிக் ஒன்று, மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) உள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் ஒன்று, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட லெஸ் பால் எலெக்ட்ரிக் ஒன்று. மூன்றுமே பிரியமானவை. போன மாதம் கடையில் விலை உயர்ந்த புது எலெக்ட்ரிக் ஒன்றை வாசித்துப் பார்த்தேன். 25 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), இரண்டு ஹம்பக்கர், காயில் ஸ்ப்ளிட் (ஹம்பக்கரின் ஒரு சுருளை நிறுத்தும் வசதி). கீழே வைக்க மனம் வரவில்லை. மூன்றையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: மூன்றையும் கொடுக்காதீர்கள். அகூஸ்டிக் செய்யும் வேலையை எந்த எலெக்ட்ரிக்கும் செய்யாது. அது உங்களிடமே இருக்கட்டும். மற்ற இரண்டைப் பற்றியும் இப்போதே முடிவெடுக்க வேண்டாம்.

கடையில் கையில் எடுத்த கிட்டார் சுகமாக இருந்ததற்கு இரண்டு வகைக் காரணங்கள் இருக்கும். ஒன்று செட்டப்: புதுக் கம்பி, கம்பியின் சரியான உயரம், தேயாத ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி). இன்னொன்று கிட்டாரின் பிறவி அமைப்பு: ஸ்கேல் நீளம், நெக்கின் (கழுத்தின்) பருமன், விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் வளைவு, எடை, பிக்கப். முதல் வகையை உங்கள் பழைய கிட்டாரிலேயே சிறு செலவில் கொண்டுவந்துவிடலாம். பெரிய பணம் கொடுப்பதென்றால் இரண்டாவது வகைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். எது எது என்று பிரித்துப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் ஆறு மாதத்தில் பழையதைத் தேடுகிறார்கள்.

ஆகவே உங்கள் இரண்டு எலெக்ட்ரிக்குக்கும் முதலில் புதுக் கம்பி மாட்டுங்கள். கடைக் கிட்டாரில் என்ன கனமோ அதே கனம். பெரும்பாலும் 10-46 அல்லது 9-42 ஆக இருக்கும் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளாக). அடுத்து நெக்கின் வளைவைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்து ஃபிரெட்டில் ஆறாவது (மிகத் தடித்த) கம்பியை அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) வைத்து அளந்து பாருங்கள். அதிகம் இருந்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். பிறகு சுருதி சேர்த்து மறுபடி அளக்க வேண்டும். ராட் திரும்ப மறுத்தால் பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். ராட் உடைந்தால் அந்தப் பழுதுக்கு ஆகும் செலவு சில கிட்டார்களின் விலையையே தாண்டிவிடும்.

பிறகு நட், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு. மூன்றாவது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் பாருங்கள். கம்பி ஃபிரெட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அங்கே இடைவெளி தாராளமாகத் தெரிந்தால் எஃப் கார்டு பிடிக்கும்போது விரல் வலிக்கும்; திறந்த கார்டுகள் சுருதி ஏறிக் கேட்கும். இந்த ஒரு குறைக்காகவே நல்ல கிட்டாரை விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நட்டின் பள்ளத்தை அதற்கென்று உள்ள அரத்தால்தான் இழைக்க வேண்டும். பழகாதவர்கள் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

நெக்கும் நட்டும் சரியான பிறகுதான் பிரிட்ஜை (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தை) தொட வேண்டும். முன்னதாகத் தொட்டால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பி சுமார் 1.8, முதல் (மிக மெல்லிய) கம்பி சுமார் 1.4 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் பெரும்பாலான கைகளுக்கு ஒத்துவரும். ஸ்ட்ராட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். பிக்கப் கம்பிக்கு மிக நெருக்கமாக இருந்தால் அதன் காந்தம் கம்பியை இழுக்கும். ஆறாவது கம்பியை மேல் ஃபிரெட்களில் வாசிக்கும்போது ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து நடுங்குவதுபோல் கேட்கும். கிட்டாரே சரியில்லை என்று நினைக்கத் தோன்றும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை இறக்கினால் சரியாகிவிடும். கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் தடித்த கம்பிப் பக்கம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி கொடுத்துத் தொடங்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் அதே கடைக்கு உங்கள் கிட்டாரையும் எடுத்துப் போய், அதே ஆம்பில் (ஒலிபெருக்கியில்), அதே ஒலி அளவில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். ஒலி அளவு கொஞ்சம் கூடினாலே காது அதை 'நல்ல டோன்' என்று எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டையும் ஃபோனில் பதிவு செய்து, எது எதுவென்று தெரியாதபடி ஒருவரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் புதியதன் மேல் ஆசை குறையவில்லை என்றால் அந்த ஆசையை மதிக்கலாம்.

எதைக் கொடுப்பது என்று தெரியாவிட்டால், ஸ்ட்ராட்டையும் லெஸ் பாலையும் ஆறு வாரம் பெட்டியில் மூடி வையுங்கள். வாசிக்க வேண்டுமென்று எடுக்கும்போதெல்லாம் எதை எடுத்தீர்கள், எதற்காக எடுத்தீர்கள் என்று குறித்து வாருங்கள். ஒரு தடவைகூடத் திறக்காத பெட்டி எது என்று அந்தக் குறிப்பே காட்டிவிடும். யாராவது நினைவாகக் கொடுத்த கிட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

கேள்வி: காயில் ஸ்ப்ளிட் இருந்தால் ஒரே கிட்டாரில் ஸ்ட்ராட், லெஸ் பால் இரண்டின் ஒலியும் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: லெஸ் பாலுக்குப் பக்கத்தில் போகலாம். ஸ்ட்ராட்டுக்கு அவ்வளவு பக்கத்தில் போக முடியாது.

ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் சேர்ந்து மின் இரைச்சலை அடக்குகின்றன. ஸ்ப்ளிட் செய்யும்போது ஒன்றை நிறுத்திவிடுகிறோம். ஒலி மெலிந்து தெளிவாகும். கூடவே அளவும் குறையும், இரைச்சலும் திரும்பி வரும். ஸ்ட்ராட்டின் சிங்கிள் காயிலில் ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் இருக்கும் துண்டே காந்தம். வழக்கமான ஹம்பக்கரில் காந்தம் அடியில் படுத்திருக்கும். மேலே தெரிவது இரும்புத் திருகும் உருளையும்தான். கட்டுமானமே வேறு என்பதால் ஒலியும் வேறு. அதைவிட முக்கியமானது, ஸ்ட்ராட்டின் இரண்டாவது, நான்காவது சுவிட்ச் நிலைகள். நடுப் பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேரும்போது வரும் அந்த மணியொலி, நடுவில் பிக்கப்பே இல்லாத கிட்டாரில் வராது.

ஸ்கேல் நீளமும் கையில் தெரியும். ஸ்ட்ராட் 25.5 அங்குலம், லெஸ் பால் சொல்வழக்கில் 24.75. கம்பியும் சுருதியும் ஒன்றாக இருந்தால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, ஸ்ட்ராட்டில் கம்பி சுமார் 6 சதவீதம் விறைப்பாக நிற்கும். 25 அங்குலக் கிட்டார் லெஸ் பாலைவிட 2 சதவீதம்தான் விறைப்பு. உங்கள் கை எதற்குப் பழகியிருக்கிறது என்று பாருங்கள். புதியதை வாங்கினால் லெஸ் பாலைக் கொடுத்து ஸ்ட்ராட்டை வைத்துக்கொள்வதே எங்கள் யோசனை. புதியது செய்யும் வேலையையே செய்யும் பழைய கிட்டார்தான் போக வேண்டியது.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் லாபமா, தனியாக விற்பது லாபமா?

பதில்: எண்ணிக்கையில் பார்த்துவிடலாம். புதியதன் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிட்டாரை நேரடியாக ஒருவருக்கு விற்றால் 40 கிடைக்கும் என்று வையுங்கள். கடைக்காரர் அதைச் சரிசெய்து, காத்திருந்து, லாபம் வைத்து விற்க வேண்டியவர். அதனால் பெரும்பாலும் அதில் 50 முதல் 60 சதவீதம்தான் தருவார். அதாவது 20 முதல் 24. நீங்கள் கட்ட வேண்டியது 76 முதல் 80. தனியாக விற்றிருந்தால் 60. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் ரொக்கமாக வாங்கினால் விலை குறைப்பீர்களா என்று கேட்டு, அந்தத் தொகையையும் கழித்துப் பாருங்கள். சில நாடுகளில் எக்ஸ்சேஞ்ச் போக மீதித் தொகைக்கு மட்டுமே விற்பனை வரி என்பதால் வித்தியாசம் சற்றுக் குறையலாம்.

கடையில் 'பழையதற்கு எவ்வளவு, புதியதற்கு எவ்வளவு' என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டையும் கலந்து ஒரே தொகை சொன்னால், பழையதற்குக் கூட்டிக் காட்டியதைப் புதியதில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. நெக் தலைப்பகுதியில் முறிந்து ஒட்டிய கிட்டாரை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது பரவாயில்லை, பழுதை மறைக்காமல் சொல்லிவிட்டு. அதைத் தனியாக விற்பது கடினம்.

புதியதையே வாங்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். கடை வாசலைத் தாண்டியதும் புதுக் கிட்டார் பெரும்பாலும் கால் பங்கு மதிப்பை இழந்துவிடும். அதே மாடல் ஒருவர் கைபட்டதாகக் கிடைத்தால், எந்தப் பழையதையும் கொடுக்காமலே வாங்க முடிகிறதா என்று கணக்குப் போடுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த கிட்டாரில் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆம்பில் மாட்டாமல் முதலில் வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி மீட்டுங்கள். எங்காவது சுரம் சட்டென்று செத்தால் ஃபிரெட் மட்டம் சரியில்லை. முதல் கம்பியை 12 முதல் 17 வரை உள்ள ஃபிரெட்களில் ஒன்றரைச் சுரம் வளைத்துப் பாருங்கள். 7.25 அங்குல ஆரத்தில் வளைந்த பழைய பாணி ஃபிங்கர்போர்டில் ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) தாழ்வாக இருந்தால் கம்பி மேல் ஃபிரெட்டில் முட்டி அடைபடும். 12 அங்குல ஆரத்தில் வளைவு குறைவு என்பதால் அந்தத் தொல்லை குறைவு. நெக் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். ஃபிரெட் முனை குத்தினால் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டின் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டும் சுரம்) அதே ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி அரை மணி நேரம் நின்று வாசியுங்கள். நான்கரைக் கிலோ தோளில் ஏறுவது ஐந்து நிமிடத்தில் தெரியாது.

கேள்வி: அகூஸ்டிக்கில் கம்பி மிக உயரமாக நிற்கிறது. அதைக் கழித்துவிடலாமா?

பதில்: அளந்த பிறகு சொல்லுங்கள். நேரான உலோகப் பட்டை ஒன்றை ஃபிரெட்களின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட்டால் நெக் கோணம் சரி. விளிம்புக்குக் கீழே இடித்தால் நெக் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் 1 மில்லிமீட்டர் இறக்க, சேடிலில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் தங்கும் சிறு துண்டில்) 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். சேடில் பிரிட்ஜுக்கு மேல் 4 மில்லிமீட்டர் தெரிகிறது என்றால் தேய்க்க இடம் இருக்கிறது. 2 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் தேய்க்காதீர்கள். கம்பி சேடிலை அழுத்தும் கோணம் குறைந்து ஒலி மங்கிவிடும். அப்போது நெக்கைக் கழற்றிக் கோணம் திருத்த வேண்டும். போல்ட் போட்ட நெக் என்றால் வேலை எளிது. பசை போட்டு ஒட்டியதென்றால் வெப்பமும் நீராவியும் கொடுத்துத்தான் பிரிப்பார்கள், செலவு அதிகம். மேல்பலகை ஒரே மரமாக இருந்தால் அந்தச் செலவு தகும். ஒலித்துளையின் விளிம்பில் மர ரேகைகள் மேலிருந்து கீழாகத் தொடர்ந்து ஓடினால் அது ஒரே மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

கேள்வி: ஸ்ட்ராட்டில் பிக்கப் மாற்றியிருக்கிறேன். அப்படியே விற்கலாமா?

பதில்: பழைய பிக்கப் கைவசம் இருந்தால் அதையே திரும்ப மாட்டி விற்று, புதியதைத் தனியாக விற்றுவிடுங்கள். மாற்றியதற்காக வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பது அபூர்வம். சுவிட்ச், பொட்டென்ஷியோமீட்டர், ட்யூனர் எதுவானாலும் இதேதான்.

கேள்வி: ரோஸ்வுட் போட்ட பழைய கிட்டாரை வெளிநாட்டில் இருப்பவருக்கு விற்கலாமா?

பதில்: எந்த ரோஸ்வுட் என்பதைப் பொறுத்தது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகம் பற்றிய) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது, பிடிபட்டால் கிட்டாரையே இழக்க நேரும். மற்ற ரோஸ்வுட் வகைகள் எல்லாம் 2017 ஜனவரியோடு இரண்டாவது பட்டியலில் வந்துவிட்டன. ஆனால் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணை வைத்து மரத்தின் பெயரை உறுதி செய்துகொண்டு, அதை விற்பனைச் சீட்டில் எழுதுங்கள். அனுப்பும்போது கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, பெட்டிக்குள் தலைப்பகுதியின் இரு பக்கமும் நெக்கின் அடியிலும் துணி வைத்து அசையாமல் நிரப்புங்கள். வழியில் முறிவது பெரும்பாலும் அந்தத் தலைப்பகுதிதான்.