வேலைக்குப் போகிற வீட்டில் மாடித் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாடித் தோட்டம் பற்றியவை, அதிலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளிலிருந்து வந்தவை. வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கும் தண்ணீருக்கும் பொருந்துகிற மாதிரி பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் கணவரும் காலை ஏழரை மணிக்கே கிளம்பிவிடுவோம், வீடு திரும்ப இரவு ஏழு ஆகும். இரண்டு பிள்ளைகள். சித்திரையில் ஆசையாக இருபது பையில் தக்காளி, கத்திரி, வெண்டை, மிளகாய் எல்லாம் வைத்தோம். பத்து நாள் ஊருக்குப் போய் வருவதற்குள் எல்லாம் கருகிவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குத் தோட்டம் ஒத்து வருமா? – காட்பாடி வாசகி

தாராளமாக ஒத்து வரும் அம்மா. ஆனால் நீங்கள் ஆரம்பித்த மாதம்தான் சரியில்லை. நம்ம ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், மொட்டை மாடித் தளம் அதைவிடச் சூடாகும், கறுப்புப் பையாக இருந்தால் உள்ளே வேர் வெந்தே போகும். தக்காளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் முப்பத்தைந்தைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாமல் இருந்தால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும், என்ன உரம் போட்டாலும் அது நிற்காது. அதனால் அக்னி நட்சத்திரம் முடிந்து ஒன்றிரண்டு மழை விழட்டும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்னது மாடிக்கும் சேர்த்துத்தான். கத்திரி, மிளகாய், தக்காளிக்கு ஆனி மாதமே நாற்று விட்டால் இருபத்தைந்து முப்பது நாளில் எடுத்து நடலாம். வெண்டையும் கொத்தவரையும் நேரடியாகப் பையிலேயே ஊன்றலாம்.

அப்புறம், இருபது பை வேண்டாம், எட்டுப் பை போதும். அதில் மூன்றில் கீரை (சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை), இரண்டில் வெண்டை, ஒன்றில் கத்திரி, ஒன்றில் மிளகாய், ஒன்றில் புதினா. புதினாவுக்குச் சந்தையில் வாங்கின கட்டில் தடியான தண்டாகப் பார்த்து ஊன்றினாலே போதும். கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் அறுவடை சீக்கிரம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது மாதம் மாடிப்படி ஏறவே மனம் வராது.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது, இதை எனக்கு எழுதுகிற எல்லாரிடமும் சொல்கிறேன்: கையில் இருக்கிற காசில் முதல் செலவு தண்ணீருக்குத்தான். விதையோ உரமோ விலை உயர்ந்த தொட்டியோ அதற்கு அப்புறம். தினமும் வாளி தூக்கித் தண்ணீர் ஊற்ற வேண்டிய தோட்டம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் நிலைக்காது. உங்கள் மாடியிலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதன் குழாயில் ஒரு டி (குழாயை இரண்டாகப் பிரிக்கிற இணைப்பு) போட்டு, ஒரு வால்வு, ஒரு சின்ன ஃபில்டர், அதிலிருந்து 16 எம்.எம். சொட்டுநீர்க் குழாயைப் பைகளின் ஓரமாக ஓட்டி, ஒவ்வொரு பைக்கும் ஒரு சின்னக் குழாயும், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிற சொட்டுவானும் சொருகினால் வேலை முடிந்தது. பிளம்பர் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு செய்துவிடலாம். கடையில் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வயலுக்கு மோட்டார் வைத்துப் பாய்ச்சுகிறவர்கள் வாங்குகிற அழுத்தம் சமன் செய்யும் சொட்டுவான் நமக்கு ஆகாது, தொட்டியிலிருந்து தானாக இறங்குகிற தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு, அதில் அது சரியாக வேலை செய்யாது. திருகிக் கூட்டிக் குறைக்கிற சாதாரணச் சொட்டுவான் வாங்குங்கள். குழாயில் மாட்டுகிற டைமரும் அப்படித்தான், குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கிற பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறக்கிற வால்வு) வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

சொட்டுவான் பெட்டியில் மணிக்கு நான்கு லிட்டர் என்று போட்டிருந்தாலும் உங்கள் தொட்டி உயரத்துக்கு அவ்வளவு வராது. ஒரு சொம்பைக் கீழே வைத்துப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், அந்தக் கணக்கில் டைமரை வையுங்கள். ஓரடி அகலப் பை ஒன்றுக்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டர், கோடையில் இரண்டு லிட்டர், அதைக் காலையில் பாதி, மாலையில் பாதியாகப் பிரித்து விட்டால் நல்லது. மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்கு, அதாவது ஈரம் காயாமல் மண்ணை மூடுகிற சருகு மாதிரி ஒன்று, போடுங்கள். வட ஆற்காடு கடலை விளைகிற சீமை, வேர்க்கடலைத் தோல் எந்தச் செக்கிலும் மூட்டையாகக் கிடைக்கும், அதைவிட நல்ல மூடாக்கு வேறு வேண்டியதில்லை. மாசி கடைசியில் ஐம்பது சதவீதப் பச்சை நிழல்வலை கட்டிவிடுங்கள், பெயிண்ட் வாளியில் சிமென்ட் கலவை போட்டுச் சவுக்குக் கம்பை நட்டால் தளத்தில் துளை போடாமலே கால் தயார். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்று வலையைக் கம்போடு தூக்கிவிடும், அதனால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று அவிழ்க்கிற மாதிரி முடிச்சுப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. செடி வைத்தால் இலை நுனி காய்கிறது, மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. ஆர்.ஓ. மெஷினில் வீணாகப் போகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? – ஆம்பூர் வாசகர்

ஊற்றவே கூடாது ஐயா. நீங்கள் குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுக்க அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது, உங்கள் போர் தண்ணீரைவிட அது இன்னும் உப்பு. வாசல் கழுவவும் கழிவறைக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது, அதைச் செடிக்குக் கொடுக்கலாம். மழை பெய்கிற நாளில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, மாதம் ஒரு முறை பையின் அடித்துளை வழியாக நன்றாக ஓடி வடிகிற அளவுக்கு ஊற்றினால் தேங்கிய உப்பு கரைந்து இறங்கும். தென்னைநார்க் கழிவுக் கட்டி வாங்கினால் அதையும் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், கழுவாத நார்க்கழிவிலேயே உப்பு நிறைய இருக்கும்.

உப்புத் தண்ணீருக்கு பீன்ஸ் தாங்காது, விட்டுவிடுங்கள். பாலக், பீட்ரூட், பருப்புக்கீரை ஓரளவு தாங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பைக்கு மண் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சுற்று வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த நிலங்கள் உண்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த விஷயம் அது. அந்தக் கழிவில் உப்போடு குரோமியமும் சேர்ந்திருக்கும். பாலாற்றங்கரையில் சும்மா கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள், பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை அது. மலையடிவாரத்துச் செம்மண்ணைத் தெரிந்த இடத்திலிருந்து கேட்டு வாங்குங்கள். செம்மண், கழுவிய நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: வாடகை வீடு. மாடியில் செடி வைத்தால் தளம் ஒழுகும், பாரம் தாங்காது என்று வீட்டுக்காரர் மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? – குடியாத்தம் வாசகர்

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, தம்பி. ஓரடிக்கு ஓரடிப் பை ஒன்றில் ஈர மண் இருபது, இருபத்தைந்து கிலோ வரும். ஆட்கள் ஏறிப் புழங்குகிற மொட்டை மாடிக்குக் கட்டட விதியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் நூற்றைம்பது கிலோ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நீங்கள் எட்டுப் பையைச் சுவர் ஓரமாகவும் உத்திரத்துக்கு மேலாகவும் பரப்பி வைத்தால் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே போகாது. நடு மாடியில் மண்ணைக் கொட்டிப் பாத்தி கட்டுவதுதான் தவறு, அதை எந்த வீட்டிலும் செய்யக் கூடாது. தளத்தில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதைப் பூசின பிறகுதான் பை ஏற வேண்டும்.

ஒழுகலுக்கு வழி, பை தளத்தைத் தொடாமல் இருப்பது. நான்கு ஹாலோ பிளாக் வைத்து மேலே பழைய கதவுப் பலகையோ இரும்புச் சட்டமோ போட்டால் பெஞ்சு தயார். கீழே காற்றோட்டம் இருக்கும், தளம் காயும், துடைப்பம் போகும். மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை மட்டும் எந்தப் பெஞ்சும் மறைக்கக் கூடாது. முதலில் இரண்டு பெஞ்சு செய்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், முதல் கட்டுக் கீரையையும் அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று, அரிசிச் சாக்கில் செடி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்ம வெயிலில் சில மாதத்தில் அது பொடிப்பொடியாக உதிர்ந்து மாடி முழுக்கப் பிளாஸ்டிக் தூளாகிவிடும். புற ஊதாக் கதிர் தாங்குகிற பை என்று கேட்டு வாங்குங்கள். தோட்டக்கலைத் துறையில் மாடித் தோட்டத் தொகுப்பு மானியத்தில் கொடுப்பதுண்டு, உங்கள் வட்டார அலுவலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: முள்ளுக்கத்திரி வைத்திருக்கிறேன். செடி செழிப்பாக இருக்கும்போதே நுனிக்கொழுந்து மட்டும் திடீரென்று தலை தொங்கிவிடுகிறது. வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை. – சத்துவாச்சாரி வாசகி

அது தண்டு, காய்த் துளைப்பான். தொங்குகிற நுனியைப் பிளந்து பாருங்கள், உள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் புழு இருக்கும். அது தண்டுக்குள் இருக்கும்போது மேலே அடிக்கிற எண்ணெய் அதைத் தொடாது. வாடின நுனியை ஓர் அங்குலம் கீழே சேர்த்து வெட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள், உரத் தொட்டியில் போடாதீர்கள். துளை விழுந்த காயையும் அதேபோல் பறித்து அப்புறப்படுத்துங்கள். மாடியில் ஒன்றிரண்டு செடிதானே, பழைய கொசுவலையைக் கூடாரம் மாதிரி போட்டுக் கீழே கட்டிவிட்டால் அந்துப்பூச்சி முட்டை வைக்கவே வராது. வலைக்குள் வண்டு வராதே என்று கவலை வேண்டாம், கத்திரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், காலையில் பூத்த கிளையை விரலால் லேசாகத் தட்டிவிட்டால் போதும். காய்ப்பு முடிந்த பையில் மறுபடி கத்திரியோ தக்காளியோ வைக்காதீர்கள், ஒரு போகம் கீரை போடுங்கள்.

மாவுப்பூச்சி, அசுவினிக்கு வேப்பெண்ணெய் கேட்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் இறங்கின பிறகு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள்.

நீங்கள் முள்ளுக்கத்திரி வைத்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் காலங்காலமாக விளைகிற காய், 2023-ல் வேலூர் முள்ளுக் கத்திரிக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு இதை விட்டால் வேறு காய் எனக்குத் தெரியாது! நல்ல செடியில் ஒரு காயை முற்றிப் பழுக்கவிட்டு விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு ரகக் கத்திரி இருந்தால் விதை கலந்துவிடலாம், கொசுவலைக்குள் இருக்கிற செடியிலிருந்து எடுத்தால் நம்பிக்கையாக இருக்கும். விதையோ ஆலோசனையோ வேண்டுமென்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: சமையல் கழிவில் உரம் போட ஆரம்பித்தேன். நாற்றம் அடிக்கிறது, புழு நெளிகிறது. மாமியார் வாளியைத் தூக்கிப் போடச் சொல்கிறார். – ராணிப்பேட்டை வாசகி

ஈரம் அதிகமாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ நார்க்கழிவோ போட வேண்டும், நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்துவிடுகிறோம். இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு எடுத்து நன்றாகக் கழுவி, பக்கத்திலும் அடியிலும் துளை போட்டு, ஒன்று நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பியுங்கள். ஒரு கரண்டி புளித்த மோரை நீரில் கலந்து தெளித்தால் மக்குவது வேகமாகும். வாரம் இரு முறை கிளறுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு, மிச்ச எண்ணெய், பால் எதுவும் உள்ளே போகக் கூடாது, நாற்றத்துக்கும் எலிக்கும் அதுதான் அழைப்பு. புழு மக்கச் செய்கிற வேலையைத்தான் செய்கிறது, செடிக்குக் கெடுதல் கிடையாது, மேலே ஒரு அடுக்கு சருகு போட்டால் கண்ணிலும் படாது. இரண்டு மாதத்தில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பாக வரும், அதை மாமியார் கையில் கொடுத்து அவருக்குப் பிடித்த செடிக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பட்டுத் தறி வைத்திருக்கிறோம், பகலில் தறியை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை. புடலையும் பாகலும் பூக்கிறது, பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. – ஆரணி வாசகர்

மகரந்தம் சேரவில்லை. மாடி உயரத்துக்கு வண்டு வருவது குறைவு, நாம்தான் சேர்க்க வேண்டும். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை விலக்கிப் பெண் பூவின் நடுவில் தடவினால் போதும். பாகல் விடியற்காலையில் மலரும். புடலை, சுரை, பீர்க்கன் பொழுது சாய்ந்த பிறகு மலரும், ஆகவே பகலெல்லாம் தறியில் இருக்கிற உங்களுக்குப் பாகலைவிட இவையே வசதி, தறி நின்ற பிறகு ஐந்து நிமிடம் மேலே ஏறினால் முடிந்துவிடும். முதல் இரண்டு வாரம் ஆண் பூ மட்டுமே வந்தால் பதற வேண்டாம், கொடிக்கு அது இயல்பு. கொடி வகைக்கு நாற்பது லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

கேள்வி: ஐந்தாவது படிக்கிற மகன் தானே ஏதாவது செய்து செடி வளர்க்க வேண்டும் என்கிறான். செலவில்லாமல் என்ன சொல்லிக் கொடுக்கலாம்? – வேலப்பாடி வாசகி

இரண்டு லிட்டர் பாட்டிலை நடுவில் வெட்டச் சொல்லுங்கள், கத்தி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். மூடியில் துளை போட்டு, பழைய பருத்திப் பனியன் துணியைத் திரியாக முறுக்கி நுழைத்து, வாய்ப் பக்கத்தைத் தலைகீழாக அடிப்பாதிக்குள் உட்கார வைத்து, மேலே மண் கலவை, கீழே தண்ணீர். திரி மண்ணுக்குள் பாதி உயரம் வரை இருக்க வேண்டும். வெந்தயமோ கொத்தமல்லியோ தூவலாம், மல்லி விதையை இரண்டாக உடைத்துத் தூவினால்தான் முளைப்பு நன்றாக வரும். கீழ்ப்பாதியைச் செய்தித்தாளால் சுற்றச் சொல்லுங்கள், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

அது பழகியதும் மண் சட்டிப் பாசனம் செய்யலாம். சின்ன மண் கலயத்தைப் பெரிய தொட்டியின் நடுவில் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் அது மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். நம்ம கரிகிரி மண்பாண்டம் அழகாக இருக்கிறதே என்று பளபளப்பு ஏற்றின கலயத்தை இதற்கு வாங்காதீர்கள், அதில் தண்ணீர் கசியாது. குயவரிடம் கிடைக்கிற சாதாரணச் சிவப்புக் கலயம்தான் வேண்டும், அடியில் துளை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.