தாதி–நோயாளி விகிதம் என்றால் என்ன, அதில் ஏன் அரசியல் சண்டை?

ஒரு தாதி ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்ற வரம்புதான் இது. எங்கள் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயில் அன்னதானப் பந்தியை நினையுங்கள். சாம்பார் வாளியோடு நிற்பவருக்கு ஐந்து இலை என்றால் சரி. இருபது என்றால் கடைசி இலையில் சோறு காயும். ஆஸ்பத்திரி விடுதியில் அந்தக் கடைசி இலை, சேலைன் முடிந்தும் மாற்ற ஆளில்லாத கட்டில்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு 1999இல் சட்டம் வந்து, 2004இல் நடைமுறையானது. தாதியர் சங்கங்கள் நோயாளியின் பாதுகாப்பு என்கின்றன; நிர்வாகங்கள் செலவு, ஆள் பற்றாக்குறை என்கின்றன. (இரண்டாவதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, சட்டம் போட்டதும் தாதியர் முளைத்துவிட மாட்டார்கள்.) இன்னொரு அமெரிக்க மாநிலமான மாசசூசெட்ஸில், இப்படியொரு சட்டத்துக்கான முன்மொழிவு 2018 வாக்கெடுப்பில் தோற்றது.

‘ஐந்துக்கு ஒருவர்’ என்றால் ஐந்து கட்டிலுக்கு ஒருவரை நியமித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு ஷிப்டுக்கும், நடுச்சாமத்துக்கும் உள்ள கணக்கு.