குல்மார்க் பனி படத்தில் ஏன் சாம்பல் நிறமாக விழுகிறது?

கேள்வி: ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் எடுத்த படங்களில் பனி அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. அறைக்குள் வந்ததும் லென்ஸிலும் நீர் கோக்கிறது. என்ன செய்வது?

பதில்: கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். காட்சி முழுக்க வெண்பனி என்றால் ஒளியைக் குறைத்துவிடும். எனவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட ஒளியை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி) +1-இல் தொடங்குங்கள். வெயில் பளீரென்றால் +1.7 வரை போகலாம். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டினால் பனியின் மணல்மணலான நயம் போய்விட்டது. உடனே சற்றுக் குறையுங்கள். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தரவைச் சுருக்கித் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பாக எடுத்தால் நிழலின் நீலத்தைப் பிறகு திருத்தலாம். கொஞ்சம் நீலம் இருக்கட்டும், அதுதான் குளிரைச் சொல்லும்.

அறைக்குள் நுழையுமுன், வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஈரம் பைமேல் படியும். ஒரு மணி நேரமாவது பிரிக்காதீர்கள். உபரி பேட்டரி சட்டையின் உள்பையில், உடல்சூட்டில் இருக்கட்டும்.