சார்ட்டைப் பார்த்து ஒப்பிக்கிறான், எழுத்தைக் காட்டினால் முழிக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு நாலேகால் வயது. ஆடு, மாடு, பல்லி என்று எதைக் கண்டாலும் அங்கேயே நின்றுவிடுவான். அதனால் விலங்குப் படம் போட்ட அ, ஆ சார்ட் வாங்கிச் சுவரில் ஒட்டினோம். அணில், ஆடு என்று வரிசையாக ஒப்பிக்கிறான். ஆனால் ‘ஆ’வை மட்டும் தனியாக எழுதிக் காட்டினால் முழிக்கிறான். நோட்டில் எழுதச் சொன்னால் எழுந்து ஓடிவிடுகிறான். ஜூனில் யு.கே.ஜி. போக வேண்டும். விலங்குகளை வைத்தே வேறு எப்படிச் சொல்லித் தருவது?

பதில்: சார்ட்டில் உங்கள் மகன் படிப்பது ஆட்டுப் படத்தை. பக்கத்திலிருக்கும் ‘ஆ’வைப் பார்க்க வேண்டிய தேவையே அவனுக்கு வரவில்லை. படத்தின் மேல் ஒரு தாளை வைத்து மறைத்துவிட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை. சார்ட் சுவரிலேயே இருக்கட்டும், ஆனால் பாடம் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

விலங்கின் பெயரை விட்டு, அதன் குரலிலிருந்து தொடங்குங்கள். காகம் ‘கா’ என்கிறது. மாடு ‘மா’, ஆடு ‘மே’, கிளி ‘கீ’, குயில் ‘கூ’. இவை ஒவ்வொன்றும் முழுசாக ஓர் எழுத்து. பெயரைச் சொன்னால் அதிலிருந்து முதல் ஒலியைப் பிரித்தெடுக்க வேண்டும், நாலு வயதுக்கு அது கடினம். குரலில் பிரிக்க எதுவும் இல்லை. நெடில் என்பதால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுத்துக் கத்தலாம், அதில் அவனுக்குக் கொண்டாட்டம்.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கா, மா, மே என்று மூன்றை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். படம் வேண்டாம். நீங்கள் ‘மே’ தாளைத் தூக்கினால் அவன் ஆடாகக் கத்த வேண்டும், ‘கா’வைத் தூக்கினால் காகமாக. பிறகு முறை மாறட்டும். அவன் தூக்க, நீங்கள் கத்துங்கள். வேண்டுமென்றே தப்பாகக் கத்திப் பாருங்கள். அம்மாவைத் திருத்துவதற்காகவே எழுத்தை உற்றுப் பார்ப்பான். மூன்றும் தடுமாறாமல் வந்த பிறகு நாலாவதைச் சேருங்கள்.

நம் எழுத்துகளுக்கே காலும் கொம்பும் உண்டு என்பது இங்கே கைகொடுக்கும். ‘கா’வில் இருப்பது துணைக்கால், ‘மே’யில் இருப்பது இரட்டைக்கொம்பு. “ஆட்டுக்கு ரெண்டு கொம்பு, அது கத்துற எழுத்துக்கும் ரெட்டைக்கொம்பு” என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள், போதும். பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம்.

குறில் நெடிலுக்கும் இதிலேயே வழி இருக்கிறது. குயிலின் பெயர் ‘கு’வில் தொடங்குகிறது, அதன் குரல் ‘கூ’. கிளி ‘கி’, அதன் குரல் ‘கீ’. சேவலோ ‘கொக்கரக்கோ’ என்று ஒரே மூச்சில் ‘கொ’வையும் ‘கோ’வையும் தந்துவிடுகிறது. இந்த ஜோடிகளை முதல் வாரமே எடுக்காதீர்கள். கூ, கீ நன்றாகப் பதிந்த பிறகு கு, கி வரட்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்துக் கற்பித்தால் இரண்டுமே குழம்பும். எ-ஏ, ஒ-ஓ, ண-ன இவற்றுக்கும் இதே இடைவெளி வேண்டும்.

அடுத்துதான் பெயர்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு விலங்கைச் சொல்கிறார்கள் என்று தமிழிலும் அதையே செய்யப் பார்க்கிறோம். 18 மெய்களில் பாதி, தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதே கிடையாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் வராது, ங-வும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சார்ட்டுகளில் ரயிலும் லட்டும் வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ‘ஞ’வுக்கு ஞமலி என்று நாயின் பழைய பெயரைப் போடுவார்கள். வீட்டில் யாரும் சொல்லாத சொல், விட்டுவிடுங்கள்.

ஆகவே தலையில் மட்டும் தேடாமல் நடுவிலும் வாலிலும் தேடுங்கள். நண்டில் ‘ண்’, குரங்கில் ‘ங்’, குஞ்சில் ‘ஞ்’, எறும்பில் ‘று’, கழுதையில் ‘ழு’ இருக்கின்றன. புள்ளி வைத்த எழுத்துக்கு வால் விளையாட்டு மிக நல்லது. மான், மீன், தேள், மயில், நாய் பொம்மைகளோ படங்களோ எடுத்துக்கொண்டு, “இதோட வால்ல என்ன எழுத்து?” என்று கேளுங்கள். ன், ள், ல், ய் என்று சிறு சீட்டுகள் வெட்டி, விடை சொன்னதும் அவனையே பொம்மையின் வாலில் ஒட்டச் சொல்லுங்கள். ஐ, ஔ, ஃ மூன்றுக்கும் விலங்கு தேடி அலைய வேண்டாம். அவற்றை வேறு சொற்களோடு பிறகு கற்கலாம்.

வால் விளையாட்டில் ஒரு சிக்கல் வரும். வீட்டில் நாம் மானு, மீனு, தேளு என்றுதான் பேசுகிறோம். அவன் ‘னு’, ‘ளு’ என்று விடை சொன்னால் காது சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். குரங்கை ‘கொரங்கு’ என்று சொல்கிற பிள்ளை ‘கொ’ தாளைத் தூக்கினாலும் அப்படித்தான். “தப்பு” என்று சொல்லிவிடாதீர்கள். “நாம பேசும்போது கொரங்கு, புத்தகத்துல குரங்கு” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் இதைச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள், பெரியவர்களுக்குத்தான் பொறுப்பதில்லை. யானையை ‘ஆனை’ என்று ‘ஆ’வில் வைத்தாலும் விட்டுவிடுங்கள், ஆனை என்பதும் நல்ல தமிழ்தான். ஆரம்பத்தில் இந்தத் தொல்லையே இல்லாத ஆடு, எலி, நரி, பல்லி, பாம்பு போன்றவற்றை எடுப்பது புத்திசாலித்தனம். ‘கழுதை’ அவன் வாயில் ‘களுதை’யாக வந்தாலும் இந்த வயதில் கவலையில்லை. அவன் பேசுவதே வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றால் மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

எழுதுவதற்கு வருவோம். நோட்டைக் கண்டு ஓடுகிற பிள்ளையை நோட்டோடு துரத்த வேண்டாம். விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை. தாம்பாளத்தில் ரவையோ மணலோ பரப்பி விரலால் இழுக்கட்டும். எழுத ‘அ’ கடினமான எழுத்து, அதிலிருந்து தொடங்கும் வழக்கம்தான் பாதிப் பிள்ளைகளை ஓடவைக்கிறது. ட, ப நேர்க்கோட்டு எழுத்துகள், அவற்றில் தொடங்குங்கள். ஆள்காட்டி விரல்தான் எறும்பு. ‘ட’வில் எறும்பு சுவரிலிருந்து இறங்கித் தரையில் நடக்கிறது. ‘ப’வில் இறங்கி, நடந்து, எதிர்ச் சுவரில் ஏறுகிறது. தரையில் சாக்பீஸால் ஆள் உயரத்துக்கு எழுதி, அதன் மேல் அவனையே எறும்பாக ஊர்ந்து போகச் சொன்னால் இன்னும் நல்லது. எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் கவலைப்படாதீர்கள். ஆறேழு வயது வரைகூட அது சாதாரணம்.

பாட்டி சொல்லித் தருகிற வீடாக இருந்தால் ஒரு விஷயம். ‘யானை’ எழுதும்போது அவர் ‘னை’யைத் துதிக்கை தூக்கியதுபோல வளைத்து எழுதக்கூடும். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. யானைக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்கே தோன்றும். ஆனாலும் பையனுக்கு இப்போதைய வடிவத்தையே காட்டச் சொல்லுங்கள், பழையதைக் கதையாகச் சொல்லட்டும்.

நேரம் பத்து நிமிடம் போதும். அவன் “இன்னொரு தடவை” என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஜூனைப் பற்றிய பதற்றம் தேவையில்லை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்து, எழுத்தை அடியிலிருந்து கற்றுத் தருகிறார்கள். உங்கள் மகன் யு.கே.ஜி.க்கே இன்னும் போகவில்லை. அங்கே முதல் நாளே பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால், “எழுத்தை அடையாளம் காண்கிறான், கை இன்னும் பழகவில்லை” என்று ஆசிரியரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். ரவைத் தட்டை மட்டும் வீட்டில் விடாமல் தொடருங்கள்.